ஸ்ட்ராண்ட்ஸ் கேள்வி-பதில்: மூலையைக் கவனியுங்கள்

நியூயார்க் டைம்ஸ் 2024 மார்ச் 4 அன்று தொடங்கிய ஸ்ட்ராண்ட்ஸ் ஒரு தினசரிச் சொல்தேடல் விளையாட்டு. பலகையில் குறுக்கே 6, நெடுக்கே 8 என 48 எழுத்துகள். தலைப்பாக ஒரு பூடகமான குறிப்பு. சொல் எந்தத் திசையிலும் போகும், நடுவில் வளையும். இந்த விதிகளில் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல்: ஒவ்வொரு எழுத்தும் ஒரே ஒரு விடையில் இடம்பெறும், எதுவும் மிஞ்சாது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்து பிறந்தவைதான்.

தலைப்பைப் படித்தாலும் ஒன்றும் பிடிபடவில்லை. எங்கே தொடங்குவது?

மூலையில். நடுவில் இருக்கும் எழுத்துக்கு 8 அண்டை எழுத்துகள், விளிம்பில் 5, மூலையில் 3 மட்டுமே. மூலை எழுத்தும் ஏதோ ஒரு விடையில் இருந்தே தீரவேண்டும் என்பதால், முயன்று பார்க்க வேண்டிய வழிகள் அங்கேதான் மிகக் குறைவு. மூலையில் ‘க்யூ’ இருந்தால் பக்கத்தில் ‘யூ’வைத் தேடுங்கள். ‘எஸ்’ இருந்தால் அது பன்மையின் கடைசி எழுத்தாக இருக்க நல்ல வாய்ப்பு. அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள்.

ஒரு சொல்லைக் கண்டதும், அது எடுத்த எழுத்துகள் போக ஓரத்தில் என்ன தனித்து நிற்கிறது என்று பாருங்கள். ஓரெழுத்தோ ஈரெழுத்தோ ஒதுங்கிக் கிடந்தால், நீங்கள் கண்டது தலைப்புச் சொல் அல்ல.

ஸ்பேங்கிராமை முதலிலேயே பிடிக்க வழி உண்டா?

தலைப்பை முழுதாக விளக்கும் சொல் அது. மஞ்சள் நிறத்தில் தெரியும், மற்றவை நீலம். எதிரெதிர் ஓரங்கள் இரண்டைத் தொடவேண்டும் என்பதால் அதன் நீளத்துக்குக் கீழ்வரம்பு உண்டு: இடமிருந்து வலம் போனால் குறைந்தது 6 எழுத்து, மேலிருந்து கீழ் போனால் 8. இரண்டு சொற்கள் இடைவெளியின்றிச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். நேர்த்தியான ஒற்றைச் சொல்லையே தேடுபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

அதைப் பிடித்துவிட்டால் பலகை பெரும்பாலும் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பகுதியிலும் மிஞ்சிய எழுத்துகளை எண்ணுங்கள். தலைப்புச் சொல்லுக்குக் குறைந்தது 4 எழுத்து வேண்டும். ஆகவே 7 அல்லது அதற்கும் குறைவாகத் துண்டாக நிற்கும் எழுத்துகள் முழுக்க ஒரே சொல்தான். இனி வேலை அவற்றை வரிசைப்படுத்துவது மட்டும்.

ஹின்ட் எடுத்தால் மதிப்பெண் குறையுமா?

மதிப்பெண்ணே கிடையாது, பகிரும்போது ஒரு பல்பு படம் வரும், அவ்வளவுதான். தலைப்போடு தொடர்பில்லாத 3 சொற்களுக்கு ஒரு ஹின்ட். ஒவ்வொன்றும் 4 எழுத்துக்குக் குறையக்கூடாது, ஒரே சொல்லை மறுபடி எடுத்தால் கணக்கில் வராது. முதல் ஹின்ட் ஒரு விடையின் எழுத்துகளை மட்டும் வட்டமிடும். அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்காமலே இன்னொரு ஹின்ட் எடுத்தால் எழுத்து வரிசையும் தெரிந்துவிடும். முதல் வட்டத்தோடு நின்று போராடுவதில்தான் சுவை இருக்கிறது.

இணையத்தில் ‘இன்றைய விடை’ என்று போட்டது என் பலகைக்குப் பொருந்தவில்லையே?

புதிர் உங்கள் ஊர் நள்ளிரவில் மாறுகிறது. இந்தியா நியூயார்க்கைவிட ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே ‘இன்று’ என்பது இங்கே நேற்றாக இருக்கலாம். புதிர் எண்ணை ஒப்பிடுங்கள்: 2024 மார்ச் 4 எண் 1, 2025 மார்ச் 4 எண் 366. விடைப் பக்கத்தைத் திறக்கும்போதும் முதலில் குறிப்பு, பிறகு சொற்களின் முதல் எழுத்துகள் என்று படிப்படியாக இறங்குங்கள். ஸ்பேங்கிராமைக் கடைசியில் பாருங்கள். அது தெரிந்தால் மீதி எல்லாம் தெரிந்த மாதிரி.

வகுப்புக்காகத் தமிழில் இதுபோல் ஒன்று அமைக்க முயன்றேன். அறுசுவை தலைப்பு, அதுவே ஸ்பேங்கிராம், ஆறு சுவைப் பெயர்கள், மொத்தம் 30 எழுத்து, 5×6 பலகை. ஏன் சரியாக வரவில்லை?

எண்ணிக்கை சரி, தலைப்புதான் காலை வாரியது. இனிப்பு, புளிப்பு, கசப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு ஆறும் ‘ப்பு’ என்றே முடிகின்றன. ஒன்றின் வாலை இன்னொன்றோடு ஒட்டினாலும் சொல் வந்துவிடும். ஒரே விடை என்ற உறுதி போய்விடும். அடுத்து, ‘அறுசுவை’ 4 எழுத்து. 5 கட்ட அகலத்தைக்கூட அது தாண்டாது.

தமிழில் உயிர்மெய் ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய் ஒரு கட்டம் என்று கொள்ளுங்கள். அப்படி எண்ணினால் சொற்கள் குறுகும்; பலகையும் குறுகவேண்டும். 4×6 வசதியான அளவு. முதலில் முழுநீளச் சொல்லை, அதாவது ஸ்பேங்கிராமை, ஓரம் தொட்டு ஓரம் போடுங்கள், பிறகு இருபுறமும் மீந்த கட்டங்களுக்கு ஏற்பச் சொற்களை அடுக்குங்கள். ஒரே எழுத்து இரண்டு சொற்களில் வந்தால் அவற்றை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் வையுங்கள். ஈரெழுத்துச் சொல் ஒன்றுக்கு மேல் வேண்டாம். நேரே வகுப்பில் கொடுக்க ஒன்று இதோ. தலைப்பு: ‘பூ வைத்த பெயர்’.

லை | ஐ | ய் | த
ல் | ந் | நெ | ல்
மு | தி | ணை | ம்
றி | ஞ் | நி | த
கு | சி | ல | ரு
பா | லை | ம் | ம

குறிப்பு 1: ஐந்து சொற்கள், ஒவ்வொன்றும் ஒரு தாவரமும் ஒரு நிலமும்.

குறிப்பு 2: முழுநீளச் சொல் 7 எழுத்து, மேல் வரிசையின் இரண்டாம் கட்டத்தில் தொடங்கிக் கீழ் வரிசையில் முடிகிறது.

குறிப்பு 3: இரண்டாம் வரிசையில் ‘நெல்’ கண்ணில் படும், நம்பவேண்டாம். அதை எடுத்தால் வலது மேல் மூலையில் ‘ய்’, ‘த’ இரண்டும் அநாதையாக நிற்கும். ‘முந்தி’யும் அப்படியே: முழுநீளச் சொல்லின் இரண்டு எழுத்துகளை அது விழுங்கிவிடும்.

விடை: நடுவில் மேலிருந்து கீழாக ‘ஐந்திணைநிலம்’. இடது ஓரத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து மேல்நோக்கி ‘முல்லை’. அதன் கீழே ‘கு’வில் தொடங்கி மேலே ஏறி வலப்புறம் வளைந்து இறங்கும் ‘குறிஞ்சி’. கடைசி வரிசையில் ‘பாலை’. வலது மேல் மூலையில் நான்கு கட்டங்களைச் சுற்றி ‘நெய்தல்’, வலது ஓரத்தில் கீழிருந்து மேலாக ‘மருதம்’. 7 + 3 + 4 + 2 + 4 + 4 = 24. நீங்கள் அமைக்கும் பலகையிலும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்து, விடை தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சோதித்த பிறகே மாணவர்களிடம் தாருங்கள்.