குடும்பமாக நடப்பது

அன்புள்ள ஐயா,

நாங்கள் பல்லடம் பக்கம். நான் விசைத்தறி வைத்திருக்கிறேன், மனைவி பள்ளி ஆசிரியை. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பழனிக்கு நடந்து போகிறோம். மகன் சென்ற ஆண்டிலிருந்து முழுத் தொலைவையும் தானே நடக்கிறான். அண்மையில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையை ஒரு குடும்பம் சிறு பிள்ளைகளோடு மாதக்கணக்கில் நடந்து முடித்ததைப் பற்றிப் படித்தேன். அப்போதிருந்து நாங்களும் முதுகுப்பையைச் சுமந்து மலையில் நெடுந்தூரம் நடக்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. என் மாமனாரோ, "பழனிக்கு நடந்தா வேண்டுதல், காட்டுல நடந்தா கிறுக்குங்க மாப்பிள்ளை" என்கிறார். பிள்ளைகளை அழைத்துப் போவது சரியா? எங்கே தொடங்குவது? 64 வயதாகும் என் அப்பாவும் வருகிறேன் என்கிறார். அவரை என்ன செய்வது?

க., பல்லடம்

அன்புள்ள க.,

முடியும், பிள்ளைகளை அழைத்துப் போவதிலும் தவறில்லை. ஆனால் நீங்கள் படித்த நடையை இங்கே அப்படியே நடத்த முடியாது. பழனிக்கு நடந்த பழக்கம் அதற்குப் பாதி உதவும், மறு பாதியில் உங்களை ஏமாற்றவும் கூடும்.

நீங்கள் படித்தது, 2018ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்திலிருந்து பெற்றோரும் ஆறு பிள்ளைகளுமாக எட்டுப் பேர் நடந்து முடித்த பயணமாக இருக்கலாம். அவர்களின் கடைக்குட்டிக்கு அப்போது இரண்டு வயது. ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடியும் அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். அதை ஐந்து மாதத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் முடித்தார்கள் என்பது வியக்கத்தக்கதுதான். ஆனால் அவர்களின் மன உறுதியை வியக்கும்போதே அவர்கள் காலடியில் கிடந்த பாதையையும் பார்க்க வேண்டும். பென்டன் மெக்கை என்பவர் 1921இல் முன்வைத்த திட்டம் அது. 1937இல் முழுப்பாதையும் இணைந்தது. இன்றுவரை தன்னார்வக் குழுக்கள் விழுந்த மரங்களை அறுத்து அகற்றி, மரங்களில் வெள்ளை வண்ணப் பட்டை தீட்டி, ஒரு நாள் நடைக்குள் அடுத்த தங்கல் கொட்டகை வரும்படி அதைப் பராமரித்து வருகின்றன. சாலைகள் அடிக்கடி குறுக்கிடும், மூன்று முதல் ஐந்து நாளுக்கொரு முறை அவற்றில் ஒன்றில் இறங்கினால் கடையுள்ள ஊர் ஒன்று கிடைக்கும். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. இவ்வளவு இருந்தும், முழுப்பாதையையும் ஒரே மூச்சில் முடிக்கப் புறப்படுகிறவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே முடிக்கிறார்.

இனி நம் பழனி நடை. கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பங்குனி உத்திரத்துக்குக் காவடியோடு நடக்கிறவர்களானாலும், தைப்பூசத்துக்கு உங்களைப் போல உடுமலை வழியாக நடக்கிறவர்களானாலும், குடும்பமாக நாள்கணக்கில் நடப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. பாட்டியும் பேரனும் ஒரே கூட்டத்தில் நடக்கும் காட்சியைத் தை மாதத்தில் எந்தச் சாலையிலும் காணலாம். ஆகவே பிள்ளைகளின் கால்களைப் பற்றிய கவலை உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் அந்தச் சாலையில் உங்கள் தோளில் என்ன இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். மாற்றுத்துணியும் ஒரு போர்வையும் இருந்திருக்கும். சோறு அன்னதானப் பந்தலில் கிடைத்தது, நீர்மோர் வழியெங்கும் கிடைத்தது, கால் வலித்தால் தைலம் தேய்த்துவிடவும் ஆள் இருந்தது. மலைப்பாதையில் இவை அனைத்தையும் உங்கள் முதுகு செய்தாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலையில் நாள் முழுதும் நடக்கும் பெரியவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ அளவு உலர் உணவு வேண்டும். பிள்ளைகளுக்குச் சற்றுக் குறைத்தாலும் நால்வருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு இரண்டரைக் கிலோ ஆகும், ஐந்து நாளுக்குப் பன்னிரண்டரைக் கிலோ. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்றால் 6 கிலோ. நால்வருக்கான கூடாரம் மூன்றரை, உறக்கப்பைகள் 5, அடுப்பும் எரிபொருளும் பாத்திரமும் 2, குளிராடை, மழையாடை, மருந்துப்பெட்டி எல்லாம் சேர்த்து 7. மொத்தம் 36 கிலோ. பெரியவர்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும், சிறுவர்கள் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்குக்கு மேலும் சுமப்பது நல்லதன்று என்பது மலை நடையாளர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. உங்கள் எடை 70, மனைவியின் எடை 58, மகள் 38, மகன் 24 என்று வைத்துக்கொண்டால் நால்வரும் சேர்ந்து சுமக்கக்கூடியது ஏறத்தாழ 32 முதல் முப்பத்துநாலரைக் கிலோவரைதான். கணக்கு இடிக்கிறது. உணவை மூன்று நாளுக்குக் குறைத்தால் நேராகும். அப்படியானால் மூன்று நாளுக்கொரு முறை கடையைத் தொடும் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது கூடாரமும் அடுப்பும் தேவைப்படாமல் இரவில் கூரையும் சோறும் கிடைக்கும் பாதைக்குப் போக வேண்டும். எந்த மலை என்பதை இந்தக் கணக்கே முடிவு செய்துவிடும். இணையத்தில் விலையுயர்ந்த பைகளைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. பொட்டலத்தில் வரும் மலையேற்ற உணவுகளை வாங்கிக் குவிக்காதீர்கள். நம் அரிசிம்பருப்பு ஒரே பாத்திரத்தில் வெந்து, நால்வர் வயிற்றையும் நிறைக்கும். துவரம்பருப்பையும் அரிசியையும் வீட்டிலேயே கலந்து, வறுத்த மிளகு, சீரகத்தோடு நாள் வாரியாகப் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம். பகலுக்கு அவல், வறுத்த நிலக்கடலை, எள்ளுருண்டை, கடலை மிட்டாய் போதும். உயரம் கூடக் கூடப் பருப்பு வேக நேரமாகும் என்பதால் அதற்கேற்ப எரிபொருள் கூடுதலாக வேண்டும், அல்லது பருப்பை முன்கூட்டியே வறுத்து உடைத்துக்கொள்ள வேண்டும்.

நடையின் வேகத்துக்கு 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன் மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 900 மீட்டர் ஏறும் 10 கிலோமீட்டர்ப் பாதைக்கு இது மூன்றரை மணி நேரம் சொல்லும். அது திடமான பெரியவருக்கு. எட்டு வயதுச் சிறுவனுள்ள குடும்பம் அதை இரட்டித்து ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தங்குமிடம் சேருமாறு புறப்பட வேண்டும். மகனை முன்னால் நடக்க விடுங்கள். அவன் வேகமே குடும்பத்தின் வேகம்.

இப்போது மாமனார் சொன்னதற்கு வருகிறேன். வேண்டுதலையும் காட்டு நடையையும் அவர் பிரித்துப் பார்த்தது ஒரு வகையில் சரியே. ஆனால் அவர் அஞ்சும் இடமும் நான் அஞ்சும் இடமும் வேறு. வேண்டுதல் நடையில் பாதியில் நிற்க மனம் வராது. காலில் கொப்புளம் வெடித்தாலும், காய்ச்சல் அடித்தாலும், முருகன் பார்த்துக்கொள்வான் என்று அடுத்த பந்தல்வரை போய்விடுகிறோம். சாலையில் அதற்கு இடமுண்டு, ஏனெனில் பின்னால் வண்டியும் பக்கத்தில் ஊரும் இருக்கின்றன. அதே மனத்தோடு மலைக்குப் போகிறவர்கள்தாம் ஆபத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள். மலையில் உச்சி நமக்குக் கடன்பட்டதுமில்லை, நாம் அதற்குக் கடன்பட்டதுமில்லை. மேகம் இறங்கினால், ஓடை பெருகினால், மகன் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தால், திரும்பிவிட வேண்டும். குழந்தையின் உடல், எடையோடு ஒப்பிடுகையில் பரப்பு மிகுந்தது, ஆகவே நனைந்தால் பெரியவரைவிட விரைவில் குளிர்ந்துவிடும். தலைவலியையும் குமட்டலையும் எட்டு வயதுப் பிள்ளை தெளிவாகச் சொல்லாது, வெறுமனே அடம் பிடிக்கும். அந்த அடத்தை அதட்டி அடக்குவது மலையில் பெரும் பிழை.

எனவே நிறுத்தச் சொல்லும் உரிமையைப் புறப்படும் முன்பே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள், வாய்ப்பேச்சாக அல்லாமல் உண்மையாகவே. மகள் ஒரு நாள் இன்று நடக்க வேண்டாம் என்றால் அன்று நடக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு மாதவிலக்கும் வரலாம், அதற்கான ஏற்பாட்டை அவள் தாய் அவளோடு தனியே பேசி முடித்து வைக்கட்டும். இன்னொன்று, உறவினர் வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போகாதீர்கள். ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தோமே என்ற வெட்கம் பலரை மோசமான வானிலையிலும் மேலே தள்ளியிருக்கிறது.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூடாரமடித்து வாரக்கணக்கில் நடக்க வழியில்லை. ஆனைமலை, சத்தியமங்கலம், முதுமலை என்று நம்மைச் சுற்றியுள்ள காடுகள் புலிகள் காப்பகங்கள். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். யானைகள் நடக்கும் வழியில் பிள்ளைகளோடு இரவு தங்குவதற்கு நானும் பரிந்துரைக்க மாட்டேன். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தீயில் சிக்கியவர்களில் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தினரும் இருந்தார்கள். அதன் பின்னரே மலையேற்றத்துக்கு மாநில அரசு விதிமுறைகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு ஒரு நாள் நடை போகலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். எளிதானவற்றில் தொடங்குங்கள். அதற்கும் முன், பக்கத்திலேயே சென்னிமலையில் 1,320 படிகள் இருக்கின்றன. நீங்கள் சுமக்கப்போகும் அதே பையை அதே எடையோடு மாட்டிக்கொண்டு, வாங்கிய அதே காலணியோடு, ஒரே காலையில் இருமுறை ஏறி இறங்குங்கள். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முழங்காலும் கால்விரல் நகமும் உண்மையைச் சொல்லும்.

நெடுநடைக்கு மேற்கு வங்கத்தில் டார்ஜிலிங் பக்கம் உள்ள சிங்காலிலா மலைத்தொடரைச் சொல்வேன். மானேபஞ்சனில் தொடங்கி, தும்லிங், காளிபோக்ரி ஆகிய இடங்களில் இரவு தங்கி, சாந்தக்பூ வழியாகப் பாலுட் வரை நடக்கலாம். இரவுதோறும் விடுதியும் சூடான சோறும் உண்டு என்பதால் கூடாரம், அடுப்பு, பெரும்பகுதி உணவு ஆகியவற்றின் எடை கழிந்துவிடும். மகனின் பையில் மழையாடை, தண்ணீர், ஒரு விசில், கடலை மிட்டாய் மட்டும் இருந்தால் போதும். சாந்தக்பூவின் உயரம் 3,636 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிட ஏறத்தாழ 1,000 மீட்டர் கூடுதல். தென்னாட்டு மலைகளில் பழகியவர்களுக்கு உயர நோய், அதாவது காற்று மெலிந்த உயரத்தில் வரும் தலைவலியும் குமட்டலும், கேள்விப்பட்ட செய்திதான், அங்கே அது நேரில் வரும். 3,000 மீட்டரைத் தாண்டினால் உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. காளிபோக்ரியில் தங்காமல் நேரே ஏறிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கோடை விடுமுறை அங்கே நடைக்கு ஏற்ற காலத்தில் வருவது நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பு. ஏப்ரல் இறுதியில் போனால் ரோடோடென்ட்ரான் மலர்களையும் பார்க்கலாம். மே மாதத்தில் மேகம் மிகுதி, கஞ்சன்ஜங்கா சிகரத்தைப் பார்க்காமலே திரும்பவும் நேரலாம். அதையும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இது ஒரு வார நடைதானே, ஐந்து மாத நடையாகுமா என்று நீங்கள் குறைப்படலாம். அப்பலாச்சியன் பாதையையே பலர் ஆண்டுக்குக் கொஞ்சமாகப் பத்து, இருபது ஆண்டுகளில் முடிக்கிறார்கள். ஒரே மூச்சில் முடித்தவருக்குத் தரும் அதே அங்கீகாரத்தை அந்தப் பாதையைக் காக்கும் அமைப்பு இவர்களுக்கும் தருகிறது. ஒவ்வொரு கோடையிலும் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் உங்கள் மகள் பள்ளி முடிப்பதற்குள் நீங்கள் கணிசமான தொலைவு நடந்திருப்பீர்கள். நம் பள்ளி நடைமுறைக்கு இதுவே பொருந்தும்.

உங்கள் அப்பாவின் ஆசையைத் தள்ளிவிட வேண்டாம். 1955இல் அந்த அமெரிக்கப் பாதையைத் தனியே நடந்து முடித்த எம்மா கேட்வுட்டுக்கு அப்போது 67 வயது. பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பண்ணை வீட்டுப் பெண்மணி அவர். தாமே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டு, சாதாரணக் கேன்வாஸ் காலணியோடு, கூடாரத்துக்குப் பதில் குளியலறைத் திரையொன்றை எடுத்துக்கொண்டு நடந்தார். நம் ஊரில் களத்துமேட்டில் வேலை செய்த ஆத்தாக்களைப் பார்த்தவர்களுக்கு அவர் அந்நியராகத் தெரிய மாட்டார். ஆனால் அவரை எடுத்துக்காட்டாகச் சொல்லி உங்கள் அப்பாவை ஏற்றிவிடவும் கூடாது. வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறியவர்களில் சிலர் 2024இல் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் இறந்ததால்தான், இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வலியுறுத்துகிறார்கள். அவருக்கு முதலில் மருத்துவரிடம் டிரெட்மில் பரிசோதனை (ஓடுபொறியில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்ப்பது) செய்துவிடுங்கள். மருத்துவர் ஒப்புக்கொண்டால் சிங்காலிலா அவருக்கும் பொருந்தும். மானேபஞ்சனிலிருந்து சாந்தக்பூ வரை வண்டிப்பாதை உண்டு, பழைய லேண்ட்ரோவர் ஜீப்புகள் ஓடுகின்றன. சமமான இடங்களில் பேரப்பிள்ளைகளோடு நடந்து, செங்குத்தான இடங்களில் வண்டியேறி, அவர்கள் உறங்கும் இடத்திலேயே அவரும் உறங்கலாம். வண்டியில் போகிறவர் ஒரே நாளில் உச்சிக்குப் போய்விட ஆசைப்படுவார், அதற்கு மட்டும் விடாதீர்கள். அங்கே உள்ளூர் வழிகாட்டி கட்டாயம், மானேபஞ்சனிலேயே கிடைப்பார். நேபாள எல்லையை ஒட்டிய பாதையென்பதால் ஐந்து பேருக்கும் அடையாள அட்டை வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி அட்டையோடு ஆதார் நகலையும் சேர்த்து வையுங்கள்.

அன்புடன்.