மாத்திரை போட்டும் போகாத கீரிப்பூச்சி

கேள்வி: டாக்டர், சேரன்மகாதேவி பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 5 வயது. ராத்திரி தூங்கிக் கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டு எழுந்து அழுகிறான். பிப்ரவரியில் அங்கன்வாடியில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தான், சித்திரையில் மறுபடி வந்துவிட்டது. கடையில் வாங்கி இன்னொரு மாத்திரை கொடுத்தோம். இப்போது திரும்பவும் அரிப்பு. சீனியும் அல்வாவும் தின்பதால்தான் என்கிறார் மாமியார். வீட்டு நாயால்தான் வருகிறது, விரட்டிவிடுங்கள் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். 8 வயது மகளுக்கு உள்ளங்காலில் சிவப்பாக ஒரு கோடு வளைந்து வளைந்து ஓடுகிறது, அதுவும் பூச்சிதானா? மாடி கட்ட வாசலில் மணல் கொட்டிக் கிடக்கிறது, பிள்ளைகளுக்கு அதில்தான் விளையாட்டு. பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) எல்லாரும் சேர்ந்து பாய் விரித்துப் படுப்போம். பூச்சி சாகட்டும் என்று பாய், போர்வைக்கு நடுவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். மதினி மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள், அவளும் மாத்திரை போடலாமா? எனக்கும் கொஞ்ச நாளாகக் குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. பச்சரிசியைக் கண்டால் அள்ளி மெல்லத் தோன்றுகிறது. வீட்டுக்காரர் வாழைத்தோப்பில் வேலை பார்க்கிறார்.

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மகனுக்கு இருப்பது பெரும்பாலும் கீரிப்பூச்சி. நூல்புழு என்றும் சொல்வார்கள். நீங்கள் கொடுத்தது நல்ல மாத்திரைதான். அவனுக்கு மட்டும் கொடுத்து, அதையும் ஒவ்வொரு முறையும் ஒற்றை மாத்திரையோடு நிறுத்தியதால்தான் பூச்சி திரும்பித் திரும்பி வருகிறது.

பெண் பூச்சி ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும், வெள்ளை நூல் துண்டு மாதிரி. பெருங்குடலில் இருந்துவிட்டு, பிள்ளை தூங்கியதும் ஆசனவாய்க்கு வெளியே வந்து அங்குள்ள தோலில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதனால்தான் பகலில் இல்லாத அரிப்பு ராத்திரியில் வருகிறது. முட்டை கண்ணுக்குத் தெரியாது. இட்ட நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் அடுத்தவருக்குத் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். பிள்ளை சொறியும்போது நக இடுக்கில் போகும், அங்கிருந்து வாய்க்கு, பாய்க்கு, தலையணைக்கு, பக்கத்தில் படுத்திருக்கும் அக்காள் கைக்கு. வெயில் படாத, ஈரப்பதமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். விழுங்கிய முட்டை பூச்சியாக வளர்ந்து, தானும் முட்டையிட வர ஒன்று முதல் இரண்டு மாதம் ஆகும். பிப்ரவரியில் மாத்திரை, சித்திரையில் அரிப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, கணக்கு அப்படியே பொருந்துகிறது.

அல்பெண்டசோல் மாத்திரை குடலில் இருக்கும் பூச்சியைக் கொல்லும். முட்டையை ஒழிக்க அதை நம்ப முடியாது. முதல் மாத்திரைக்குத் தப்பிய முட்டையும், அதற்குப் பிறகு வாய்க்குள் போன முட்டையும் குஞ்சாகி இருக்கும், ஆனால் முட்டையிடும் வயதுக்கு வந்திருக்காது. அந்த இடைவெளியில் இரண்டாம் மாத்திரை விழ வேண்டும். அதற்குத்தான் 14 நாள் கழித்து இரண்டாம் மாத்திரை என்ற கணக்கு. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 தேதிகளை ஒட்டிக் கொடுப்பது நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு, சாட்டைப்புழு என்று மண் வழியாக வரும் புழுக்களை மனதில் வைத்து. நாக்குப்பூச்சி முட்டை மண்ணில் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தால்தான் தொற்றும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுத்தாலே பலன் உண்டு. கீரிப்பூச்சிக்கு மண்ணே வேண்டாம், ஒரு விரல் போதும். அந்த மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள், ஆனால் கீரிப்பூச்சிக்கு அது மட்டும் காணாது.

முதலில் உறுதி செய்துகொள்ளலாம். பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பின்பக்கத்தை விரித்துப் பாருங்கள், வெள்ளையாக நெளிவது தெரியும். தெரியாவிட்டால் டேப் சோதனை இருக்கிறது. காலையில் எழுந்ததும், கக்கூஸ் போவதற்கும் கால் கழுவுவதற்கும் முன்னால், விரல் நீளத்துக்குச் செல்லோ டேப் வெட்டி, ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி ஐஸ் குச்சியின் நுனியில் சுற்றி, ஆசனவாயின் இரண்டு பக்கமும் அழுத்தி எடுக்க வேண்டும். அதைப் பரிசோதனைக்கூடத்தில் தரும் கண்ணாடிச் சில்லில் சுருக்கம் விழாமல் ஒட்டிக் கொடுத்தால், முட்டையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம். டேப் பளிச்சென்று கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், மங்கலான டேப்பில் ஒன்றும் தெரியாது. மூன்று நாள் அடுத்தடுத்து எடுத்தால் பெரும்பாலும் தப்பாது. மலப் பரிசோதனையில் 'பூச்சி இல்லை' என்று வந்தால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். இந்தப் பூச்சி முட்டையை வெளியே தோலில் இடுவதால் மலத்தில் அதைக் காண்பது அரிது.

மாத்திரை விஷயம். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வீட்டில் ஒரே பட்டாசலில் படுக்கிற எல்லாரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாமியார் உட்பட, 400 மி.கி. அல்பெண்டசோல் ஒன்று போட வேண்டும். 14 நாள் கழித்து, அதாவது அதற்கு அடுத்த ஞாயிறு போய் மறு ஞாயிறு, எல்லாரும் இன்னொன்று. 2 வயது நிரம்பிய பிள்ளைக்கும் 400 தான். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் என்றால் பாதி, 200 மி.கி. சப்பித் தின்ன வேண்டும், முழுதாக விழுங்கக் கூடாது. சின்னப் பிள்ளை என்றால் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கொடுங்கள். அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பது ஆபத்து, மூச்சுக்குழலில் மாட்டிக்கொள்ளும். லேசான வயிற்று வலி, குமட்டல் ஒரு நாள் இருக்கலாம். வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்ததுண்டு என்றால் அவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

உங்கள் மதினி இப்போது போட வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் இந்த மாத்திரை கூடவே கூடாது. அதற்குப் பிறகும் தொந்தரவு இருந்தால் மட்டும், பிரசவம் பார்க்கும் மருத்துவர் சொன்னபடி. அதுவரை அவர் தனிப் பாயில், தனிப் போர்வையில் படுக்கட்டும். உங்களுக்கும் நாள் தள்ளிப் போயிருந்தால் முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பிறகு மாத்திரை.

இனி மாத்திரையை விடப் பாடு அதிகமான வேலை. மாத்திரை போட்ட மறுநாள் காலையில் தொடங்கி இரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். பிள்ளைகளை ராத்திரி ஜட்டி போடாமல் படுக்க வைக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. இந்த இரண்டு வாரம் கொஞ்சம் இறுக்கமான ஜட்டி போட்டுப் படுக்க வையுங்கள், விரல் நேரே தோலுக்குப் போகாது. எழுந்ததும் முதல் வேலையாகப் பின்பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக் குளிப்பாட்டுங்கள், ராத்திரி இட்ட முட்டையில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். நகத்தை ஒட்ட வெட்டி, வெட்டிய துணுக்கைத் தாளில் மடித்துக் குப்பையில் போடுங்கள். ஆச்சி சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்துப் பிள்ளைகள் கையில் வைக்கிற வீடாக இருந்தால், அதை நிறுத்த வேண்டியதில்லை. கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் சோப்புப் போட்டு, நக இடுக்கு தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போர்வை, தலையணை உறை, ஜட்டி எல்லாவற்றையும் உதறாமல் சுருட்டி எடுத்துப் போய்க் கொதிக்கிற தண்ணீரில் அரை மணி ஊறவிட்டுத் துவையுங்கள். பட்டாசலில் நின்று போர்வையை உதறினால் முட்டை காற்றில் ஏறி, சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் போகும். கோரைப் பாயை வெந்நீரில் போட முடியாது. பத்தமடைப் பாயாக இருந்தால் பாவு நூல் நைந்துவிடும். ஈரத்துணியைப் பிழிந்து இரண்டு பக்கமும் கோரை போகிற வாக்கில் துடைத்து, நல்ல வெயிலில் காலையில் ஒரு பக்கம், மத்தியானம் மறு பக்கம் என்று காயப் போடுங்கள். ஈரம் இல்லாத இடத்திலும் வெயிலிலும் அந்த முட்டை நிலைக்காது, நம் ஊர் வெயில் இதற்குப் பெரிய துணை. வீட்டை வாரியல் போட்டுக் கூட்டுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பாச்சை உருண்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கீரிப்பூச்சி முட்டையை ஒழிக்க அது உதவாது. அதிலிருக்கும் நாப்தலீன் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு, பார்த்தால் தெரியாது. அவர்களுக்கு இது ரத்தச் சிவப்பணுவை உடைத்து, சோகையும் கடுமையான மஞ்சள் காமாலையும் கொண்டுவரும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். மதினிக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. பெட்டியில் பாச்சை உருண்டையோடு கிடந்த பழைய சேலையைக் கிழித்துப் பச்சைப் பிள்ளையைச் சுற்றுவது நம் வீடுகளில் வழக்கம். அந்தத் துணியை இப்போதே எடுத்து, துவைத்து, வாசனை துளியும் இல்லாமல் போகும்வரை பல நாள் வெயிலில் போட்டு எடுத்து வையுங்கள். வெள்ளை மிட்டாய் என்று நினைத்துப் பிள்ளைகள் பாச்சை உருண்டையை வாயில் போடுவதும் உண்டு.

சீனியால் பூச்சி வராது. முட்டை வாய்க்குள் போனால்தான் வரும். கை கழுவாமல் தின்றால் அல்வாவில் இருந்தும் வரும், அவியலில் இருந்தும் வரும். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விடுவதும் வேண்டாம், பூச்சி மிஞ்சும், பிள்ளைக்குத்தான் நீர்ச்சத்து குறையும்.

நாய்க்கு வருகிறேன். கீரிப்பூச்சி மனிதரிடம் மட்டும் வாழ்வது, மகனுடைய அரிப்புக்கு நாய் காரணமே இல்லை. ஆனால் மகளின் காலில் ஓடும் கோட்டுக்கு நாயோ பூனையோதான் காரணமாக இருக்கும். நாய், பூனைக் குடலில் உள்ள கொக்கிப்புழுவின் முட்டை அவற்றின் மலத்தோடு மணலில் விழுந்து, ஈரமும் நிழலும் இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் தொற்றும் குஞ்சாகிவிடும். வெறுங்காலோ, மணலில் உட்காரும் தொடையோ பட்டால் தோலுக்குள் நுழையும். மனிதத் தோலின் அடி அடுக்கைத் தாண்ட அதற்கு வழி தெரியாது, மேல்தோலுக்குள்ளேயே சுற்றும். அதுதான் அந்தக் கோடு. சில சமயம் ஒரே நாளில் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் நகரும். கோட்டின் முனையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து மறுநாள் பாருங்கள், புள்ளியைத் தாண்டியிருந்தால் சந்தேகம் வேண்டாம். புழு, கண்ணுக்குத் தெரியும் முனைக்கும் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருக்கும். அதனால் சூடு வைப்பது, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் தடவுவது, ஊசியால் குத்துவது எல்லாம் புழு இல்லாத இடத்தைப் புண்ணாக்கும் வேலை. பூச்சிக்குப் போடும் ஒற்றை மாத்திரை இதற்குப் போதாது. எடையைப் பார்த்து மூன்று நாளோ அதற்கு மேலோ மருத்துவர் எழுதித் தருவார். குடும்பத்தோடு மாத்திரை போடப்போவதை அவரிடம் சொன்னால், முதல் நாள் மாத்திரை இரண்டு கணக்குக்கும் சேரும்படி அமைத்துக் கொடுப்பார்.

நாயை விரட்ட வேண்டாம். மணல் குவியலைச் சாயங்காலம் வேலை முடிந்ததும் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் செங்கல் வையுங்கள், தெரு நாய்க்கும் பூனைக்கும் அது கக்கூஸாக இருக்காது. எம்-சாண்டாக இருந்தாலும் இதேதான். பிள்ளைகள் செருப்பில்லாமல் அதில் ஏறக் கூடாது. உங்கள் நாய்க்குக் கால்நடை மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுங்கள், போன கையோடு வெறிநாய் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். அதன் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்தால் முட்டை குஞ்சாக நேரம் கிடைக்காது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது நீங்கள் கடைசியில் எழுதிய இரண்டு வரி. குடம் தூக்கினால் மூச்சு வாங்குவதும் பச்சரிசி மெல்லத் தோன்றுவதும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். அரிசி, விபூதி, சாம்பல், சிலேட்டுக் குச்சி என்று ஆளுக்கு ஒன்றில் ஆசை போகும், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்பதையும் சொல்லுங்கள், பெண்களுக்குப் பல நேரம் காரணம் அதுதான். நீங்களும் தோப்புக்கு வெறுங்காலோடு போவதுண்டு என்றால், இன்னொரு காரணம் மனிதக் கொக்கிப்புழுவாக இருக்கலாம். தாமிரபரணிப் பாசன வாழைத்தோப்பில் மண் எப்போதும் ஈரம், இலை நிழல் வேறு, அந்தப் புழுவின் குஞ்சுக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. யாராவது தோப்பில் வெளிக்கு இருந்தால் அங்கிருந்து வெறுங்கால் வழியாக நுழைந்து குடலுக்குப் போய், தினம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் உறிஞ்சும். உங்கள் வீட்டுக்காரருக்குக் கால் விரலிடுக்கில் திடீரென்று கடுகடுவென்ற அரிப்பும் சின்னக் கொப்புளமும் வந்ததா என்று கேளுங்கள். சேற்றுப்புண் என்று நினைத்து விட்டிருப்பார். சேற்றில் செருப்பு நிற்காது, அவருக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். இரண்டு பேரும் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கீரிப்பூச்சிக்கு உதவாத அந்தச் சோதனை கொக்கிப்புழுவுக்கு நன்றாக உதவும்.

இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். காபி, டீ குடிக்க ஒரு மணி நேரமாவது போகட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்தாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.