கொரில்லா கொண்டுவந்த சமாதானமா?

கேள்வி: இனப்படுகொலை நடந்த ருவாண்டாவில் இன்று மலைக் கொரில்லாவைப் பார்க்க உலகமே போகிறதாம். ஹுட்டு, டுட்சி இனங்களின் பகையைத் தீர்த்ததே இந்தச் சுற்றுலாதான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உண்மைதானா? (வாசகி ஒருவர், கோவை)

பதில்: கட்டுரையாளர் முன்னதைப் பின்னதாக்கிவிட்டார். 1994இல் ஹுட்டு தீவிரவாதிகள் சுமார் நூறே நாளில், பெரும்பாலும் டுட்சிகளான ஏறத்தாழ 8 லட்சம் பேரைக் கொன்று குவித்தார்கள். அதோடும் முடியவில்லை. கொரில்லாக்கள் வாழும் அதே வடமேற்கு மலைப்பகுதியில் 1997-98இல் மறுபடி சண்டை. அதை ராணுவம் அடக்கிய பிறகு, 1999இல்தான் எரிமலைத் தேசியப் பூங்காவுக்குப் பயணிகள் திரும்பினார்கள். கொன்றவனும் செத்தவன் வீட்டாரும் ஒரே ஊரில் எப்படிக் காலம் தள்ளுவது என்ற கேள்விக்கு, 2012 வரை ஊர் ஊராகக் கூடிய கச்சாச்சா என்ற மக்கள் நீதிமன்றங்களில்தான் விடை தேடினார்கள். (அங்கும் ஓரவஞ்சனை உண்டு. போரில் ஜெயித்து ஆட்சியைப் பிடித்த டுட்சி தலைமையிலான படை செய்த கொலைகள் விசாரணைக்கே வரவில்லை.)

சுற்றுலாவால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். 2017 முதல் அனுமதிச் சீட்டு வெளிநாட்டவருக்கு 1,500 டாலர். அந்தக் காசுக்கு எட்டுப் பேராகப் போய் ஒரு மணி நேரம் பார்க்கலாம். பூங்காக்களின் சுற்றுலா வருமானத்தில் 10 சதவீதம் பக்கத்து ஊர்களின் பள்ளிக்கூடம், குடிநீர் போன்ற வேலைகளுக்குப் போகிறது. அன்று காட்டு விலங்குகளைப் பிடிக்கக் கண்ணி வைத்தவர்களில் சிலர் இன்று பயணிகளின் பையைச் சுமந்து மலையேறுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூடம் ஊருக்குப் பொது. காட்டெருமை பூங்காவின் கல்மதிலைத் தாண்டி வந்து உருளைக்கிழங்குப் பயிரை மிதித்தால் நஷ்டம் ஒரு வீட்டுக்கு.

எனக்கு உறுத்துவது, அங்குள்ள மூன்றாவது, மிகச் சிறிய இனமான த்வா மக்களின் நிலை. காட்டையே நம்பிப் பிழைத்த அவர்களைப் பூங்காவுக்காக வெளியேற்றினார்கள். படுகொலைக்குப் பின் அடையாள அட்டையில் இனத்தைக் குறிப்பதை அரசு நிறுத்தியது. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தானே சாலைத் தடுப்புகளில் வெட்டினார்கள்? எடுத்தது சரி. ஆனால் இப்போது த்வா என்று சொல்லி எவரும் உரிமை கேட்க முடிவதில்லை. அரசு ஏட்டில் அவர்கள் 'வரலாற்றில் ஒதுக்கப்பட்டோர்'. ஒதுக்கியது யார் என்று ஏடு சொல்லாது.

கொரில்லா வருமானம் பகை தீர்க்கும் என்றால், இந்தக் கொரில்லாக்கள் வாழும் அதே விருங்கா மலைத்தொடரின் காங்கோ பக்கத்தில் எம்23 என்ற கிளர்ச்சிப் படைக்கு என்ன வேலை? அதற்கு ருவாண்டா துணை நிற்பதாகச் சொல்வது ஐ.நா. நிபுணர் குழு. கட்டுரையாளரைப் பார்த்தால் கேட்டுச் சொல்லுங்கள்.