தொழில் சந்தேகங்கள்: மூணு லைன், எட்டு எக்ஸ்டென்ஷன்

கேள்வி: முந்திரிப் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறோம். திருப்பாதிரிப்புலியூர் ஆபீஸில் ஏழு பேர், கிடங்கு பண்ருட்டி ரோட்டில் தனியாக இருக்கிறது. பழைய இன்டர்காம் மிஷின் போய்விட்டது. கடைக்காரர், ‘நாளைக்கு வளர்வீர்கள், 24 எக்ஸ்டென்ஷன் (உள்ளே இருக்கும் போன் இணைப்பு) மிஷினாக எடுங்கள்’ என்கிறார். மகனோ, ‘மிஷினே வேண்டாம், மாத வாடகைக்கு கிளவுடில், அதாவது நெட் வழியாக, போன் சேவை எடுத்தால் அவரவர் செல்லுக்கே கால் வரும்’ என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, கடலூர்

பதில்: மிஷின் கிடக்கட்டும் அம்மா. முதலில் ஒரு வாரம் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். யார் கூப்பிட்டார்கள், யாரைக் கேட்டார்கள், அதே நேரத்தில் இன்னொரு லைனும் அடித்ததா, இவ்வளவுதான் எழுத வேண்டும். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் பேசுகிறார்களோ அத்தனை லைன் போதும். ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்காக ஏழு லைன் யாரும் போடுவதில்லை. தீபாவளி ஆர்டர் சமயத்துக்கு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

என் கணக்குப்படி உங்களுக்கு மூணு லைன், எட்டு எக்ஸ்டென்ஷன். கடையில் ‘மூணு எட்டு’ என்றாலே எடுத்து வைப்பார்கள். 24 எக்ஸ்டென்ஷன் வாங்கினால் வளரப்போவது கடைக்காரரின் பில் மட்டும்.

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விற்பனைக்குப் போகிற பையன் சொந்த செல்லில் பேசிப் பழகிவிட்டால், வேலையை விடும்போது பார்ட்டிகளையும் கூட்டிக்கொண்டு போவான். கிளவுடில் பார்ட்டிக்குத் தெரிவது கம்பெனி நம்பர்தான், பேச்சும் பதிவாகும். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வாடகை, நெட் படுத்தால் ஆபீஸ் போனும் படுக்கும். இத்தனை வருஷமாக பில் புக்கில் அச்சடித்த 04142 நம்பரை எப்படித் தக்கவைப்பது என்பதையும் கேளுங்கள். அதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

அதனால் ஆபீஸுக்கு மிஷின். அதிலும் ஐபி எக்ஸ்டென்ஷன், அதாவது நெட் வழியாக இணைவது, ஒன்றிரண்டு தாங்கும் மாடலாகப் பாருங்கள். கிடங்கு மேனேஜர் செல்லில் ஒரு ஆப் போட்டுவிட்டால் அவரும் ஒரு எக்ஸ்டென்ஷன்தான்; பண்ருட்டி ரோடு வரைக்கும் கம்பி இழுக்க வேண்டாம்.

இனி நம் ஊர் சங்கதி. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் அடித்துவிட்டுப் போனபின் எத்தனை நாள் கரன்ட் இல்லாமல் கிடந்தோம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய செம்புக் கம்பி லைனுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்தே மின்சாரம் வரும். வீட்டில் கரன்ட் இல்லாவிட்டாலும் போன் அடிக்கும். மிஷினிலும், பவர் போனால் முதல் லைனை நேராக ஒரு போனுக்குக் கொடுத்துவிடும் வசதி உண்டு. ஃபைபர் லைனில் அந்தக் கதை நடக்காது. கண்ணாடி இழையில் கரன்ட் வராது. சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டி அணைந்தால் லைனே இல்லை. எனவே ஃபைபர் பெட்டி, மிஷின் இரண்டையும் ஒரே இன்வெர்ட்டரில் போடுங்கள். மிஷினுக்கு மட்டும் பேட்டரி கொடுத்துவிட்டு ஃபைபர் பெட்டியைச் சாதாரண பிளக்கில் சொருகியிருக்கிற ஆபீஸ்கள் இங்கே ஏராளம்.

உப்புக் காற்று இன்னொன்று. லைனில் ‘கரகர’ என்றால் உடனே மிஷினைக் குறை சொல்லாதீர்கள். ஒயர்கள் சேரும் பெட்டியைத் திறந்தால் செம்பு முனையில் பச்சை பூத்திருக்கும். அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவிச் சொருகினால் பாதி புகார் அங்கேயே தீரும். ஆபீஸிலிருந்து எதிர்க் கட்டடத்துக்குத் தலைக்கு மேலே ஒயர் போகிறதென்றால், இடி தாங்கும் பாதுகாப்பும் நல்ல எர்த்தும் இல்லாமல் மிஷினை ஆன் செய்ய விடாதீர்கள். ஐப்பசி இடிக்கு மிஷினுக்குள் இருக்கும் கார்டு போனால் வாரன்டியில் வராது என்று கைவிரிப்பார்கள்.

கேள்வி: ஒயிட் டவுனில் சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன். பிரான்ஸிலிருந்து நிறைய பேர் வருகிறார்கள். 1800 டோல் ஃப்ரீ நம்பர் வாங்கினால் கௌரவமாக இருக்குமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: கௌரவம் இருக்கும், கால் வராது. நம் 1800 நம்பர்கள் பொதுவாக வெளிநாட்டிலிருந்து கிடைப்பதில்லை. உள்ளூரில் அடிப்பவர்களின் பேச்சுக்கும் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும். போர்டில் +91 413 என்று தொடங்கி லேண்ட்லைன் நம்பரை முழுசாகப் போடுங்கள். பக்கத்திலேயே வாட்ஸ்அப் நம்பர். நம் சாயங்காலம்தான் அவர்களுக்கு மதியம். ஆறு மணிக்கு ரிசப்ஷனைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: ஆபீஸ் இன்டர்காமில் 0 போட்டு வெளி லைன் எடுத்து செல் நம்பர் அடித்தால் போகவே மாட்டேன் என்கிறது. மிஷின் கோளாறா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இல்லை. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு அடிக்க முன்னால் ஒரு 0 சேர்க்க வேண்டும். முதல் 0-வை உங்கள் மிஷின் விழுங்கிவிடுகிறது. இரண்டு 0 போட்டுப் பாருங்கள்.