சண்டை எங்கே தொடங்குகிறது?

கேள்வி: தங்கம் தோண்டுபவர்களைக் காட்டும் 'கோல்ட் ரஷ்' டிவி நிகழ்ச்சியில் எப்போது பார்த்தாலும் ஆட்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். எல்லாம் எழுதிக்கொடுத்த வசனம்தானே? இல்லையென்றால் இத்தனை சோம்பேறிகளை வைத்துக்கொண்டு எப்படித் தங்கம் எடுக்கிறார்கள்?
(வாசகர், ஈரோடு)

பதில்: 'சோம்பேறி' என்ற சொல்லை முதலில் திரும்பப் பெறுங்கள். கனடாவின் யூகான் பகுதியில் மண் கழுவத் தண்ணீர் கிடைப்பது வசந்தத்திலிருந்து அக்டோபர் வரைதான். பிறகு எல்லாம் உறைந்துவிடும். அதற்குள் இரவும் பகலும் ஷிப்ட் போட்டு உழைப்பவர்கள் அவர்கள்.

வெட்டி ஒட்டுவது உண்டு. பல மாதப் படப்பிடிப்பைச் சுருக்கும்போது சண்டை தங்கிவிடும், அதற்குக் காரணமான மூன்று வார வேலை போய்விடும். அதனால்தான் உங்களுக்கு நடிப்பாகத் தெரிகிறது.

சண்டை வரும் காரணத்தைச் சொல்கிறேன். மணிக்கு 150 கன கெஜம் மண் கழுவும் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 டன் லாரி ஒரு நடைக்குச் சுமார் 25 கன கெஜம் கொண்டுவரும். ஆக, பத்து நிமிடத்துக்கு ஒரு லாரி வந்தே ஆக வேண்டும். ஒன்று சேற்றில் புதைந்தால் ஹாப்பர், அதாவது ஆலைக்குள் மண் கொட்டும் தொட்டி, காலி. பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், வெறும் தண்ணீர் ஸ்லூஸ் பெட்டியின் (தண்ணீரோடு மண்ணை ஓடவிட்டுத் தங்கத்தைத் தேக்கும் சரிவான தொட்டி) குறுக்குச் சட்டங்களுக்குப் பின்னால் தங்கிய பொடித் தங்கத்தை அரித்துக்கொண்டு போகும். 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று இரவு ஷிப்ட்காரர் அளவுக்கு மேல் மண்ணைக் கொட்டினால் இன்னும் கேடு. சட்டங்களுக்கு நடுவே கருமணல் இறுகிவிடும். தங்கம் கீழே இறங்க இடமில்லாமல் கழிவோடு வெளியேறும். அந்த நேரத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. நாட்கள் கழித்து, பெட்டியில் தங்கத்தைப் பிடிக்கப் போட்ட விரிப்புகளை எடுத்துக் கழுவி எடை போடும்போதுதான் வெளிச்சமாகும். அப்போது பகல் ஷிப்ட் இரவைக் கைகாட்டும், இரவு ஷிப்ட் லாரிக்காரரைக் கைகாட்டும். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் கழிவு மண்ணில் ஒரு தட்டு அள்ளி அலசிப் பார்த்தால் பழி போடவே இடமிருக்காது. பெட்டியின் கடைசி விரிப்பில் தங்கம் கண்டாலும் அதே எச்சரிக்கைதான்: மேலேயே தங்க வேண்டியது கீழே ஓடி வந்திருக்கிறது.

இன்னொரு மனக்கசப்பு திரையில் வருவதே அபூர்வம். யூகானின் கிளாண்டைக் வட்டாரத்தில் தங்க மண்ணுக்கு மேலே உறைந்த கறுப்புச் சேறு பல அடி கனத்துக்குக் கிடக்கிறது. புல்டோசர்காரர் அதை முன்கூட்டியே வழித்துவிட்டால்தான் வெயில் பட்டு அடிமண் இளகும். மாதக்கணக்கில் இதைச் செய்பவர் தராசுக் காட்சியில் ஓரமாக நிற்பார். அவர் பின்தங்கினால் மட்டும் எல்லோரும் அவர் பெயரைச் சொல்வார்கள். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

கூலி முறையையும் பாருங்கள். 2010இல் தொடங்கிய முதல் சீசனில், தங்கத்தில் பங்கு என்ற நம்பிக்கையோடு அலாஸ்காவுக்குப் போனது டாட் ஹாஃப்மன் குழு. போர்க்குபைன் கிரீக்கில் எடுத்தது 15 அவுன்ஸுக்கும் குறைவு, அதாவது அரைக் கிலோகூட இல்லை. நான்காம் சீசனில் கயானா காட்டுக்குப் போய்க் கொண்டுவந்தது வெறும் 2 அவுன்ஸ். டீசலுக்கும் உதிரி பாகங்களுக்கும் கொடுத்த பிறகு அதில் யாருக்கு எவ்வளவு பங்கு போட முடியும்? வீட்டில் குடும்பம் பணத்துக்குக் காத்திருக்கும்போது அந்த ஆட்கள் கோபப்பட்டதற்கு யாரும் வசனம் எழுதித் தரத் தேவையில்லை.