மாரியில் வன்னிக் குளங்கள் வான் பாய்வது ஏன்?

குளம் நிறைந்தபின் மிஞ்சும் நீர், குளக்கட்டைவிடத் தாழ்வாகக் கல்லாலோ கொங்கிறீற்றாலோ கட்டப்பட்ட வான் எனும் மிகைநீர் வழியின் ஊடாக வெளியேறுவதையே வான் பாய்தல் என்கிறோம். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் குளக்கட்டுகள் பெரும்பாலும் மண்ணால் ஆனவை. நீர் அவற்றின் மேலாக வழியத் தொடங்கினால், வெளிச்சரிவின் மண்ணை அரித்து, விரலளவு ஓடையாகத் தொடங்கும் உடைப்பைச் சில மணி நேரத்திலேயே பெரும் பிளவாக்கிவிடும். வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே மிகைநீர்க் குழாய் வைப்பதும் இதே நோக்கத்துக்குத்தான். 1902இல் கட்டத் தொடங்கப்பட்டு, கனகராயன் ஆற்று நீரைத் தேக்கும் இரணைமடுக் குளத்தில் திறந்து மூடும் வான்கதவுகள் உண்டு. சிறு குளங்களில் நீர் தானாகவே பாயும். எதிர்நீரில் துள்ளும் மீனுக்காக வலையோடு கூடுபவர்களும் தானாகவே வந்துவிடுவார்கள். வான் பாய்ந்தால் குளம் உடையப்போகிறது என்று பலர் அஞ்சுகின்றனர். தாழ்ந்த வயல்களில் வெள்ளம் ஏறக்கூடுமே தவிர, வான் பாய்வது குளக்கட்டைக் காக்கும் ஏற்பாடேயாகும்.