டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் அரியர், லிங்க்டு லிஸ்ட் நிக்காம ஓடுது: பதில்

தம்பி, தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்ததால டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ரெண்டாவது தடவையும் அரியர், லிங்க்டு லிஸ்ட்ட (டேட்டா வச்ச கட்டங்கள், அதாவது நோடுகள், ஒண்ணு அடுத்தத காட்டுற சங்கிலி) பிரிண்ட் பண்ணா முடியாம ஓடிட்டே இருக்குன்னு எழுதியிருந்தீங்க, சத்தியமா இது மீடியம் பிரச்சனையே இல்ல. உங்க கோடுல புது நோட முன்னாடி சேர்க்கும்போது முதல்ல ஹெட்ட (லிஸ்ட்டோட முதல் நோட காட்டுறது) புது நோடுக்கு மாத்திடுறீங்க, அப்புறம்தான் புது நோடோட நெக்ஸ்ட்ல (அடுத்த நோட காட்டுற இடம்) ஹெட்ட வைக்கிறீங்க, அதனால புது நோடு தன்னையே காட்டிட்டு நிக்குது, பழைய லிஸ்ட் மொத்தமும் கைவிட்டுப் போச்சு. அந்த ரெண்டு வரியையும் முன்னபின்ன மாத்திப் போடுங்க, அவ்ளோதான். பேப்பர்ல கட்டம் போட்டு அம்புக்குறிய அழிச்சு அழிச்சு வரைஞ்சு பாருங்க, எனக்கு பாயிண்டர் (இப்படி இன்னொன்ன காட்டுற அம்பு) அப்படித்தான் பிடிபட்டுச்சு. வீட்ல இடமில்லன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்தப் புக் கொண்டுபோய் படிக்க தனி ஹால் இருக்கு, என்பிடெல் (ஐஐடிகளோட ஆன்லைன் பாடம்) வீடியோவும் ஃப்ரீதான். ப்ரோக்ராம மட்டும் மனப்பாடம் பண்ணாதீங்க ப்ளீஸ். அடுத்து ஒரு நோட நீக்குற டெலீட் ஃபங்ஷன நீங்களே எழுதி இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.